நாற்காலி காலியான நாளிலிருந்து

2019 ஏப்ரல் 18ஆம் தேதி பள்ளிப்பட்டில் வாக்களிக்கப் போனவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஆர்.கே.பேட்டை வழியாகப் போனால் வரும் சோளிங்கரில் அன்று இரண்டு இயந்திரங்கள்: ஒன்று மக்களவைத் தேர்தலுக்கு, இன்னொன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. பள்ளிப்பட்டு, திருத்தணி, சோளிங்கர் எல்லாமே அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. அந்த மக்களவைத் தொகுதியில் திமுகவின் ஜெகத்ரட்சகன் 3 லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் சோளிங்கர் சட்டமன்றத் தொகுதி அதிமுகவின் சம்பத்தைத் தேர்ந்தெடுத்தது.

தொலைக்காட்சி விவாதங்களில் இந்த முரண்பாட்டைப் பற்றி நிறையப் பேசினார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு என்றார்கள். அந்த இரண்டாவது இயந்திரம் சோளிங்கருக்கு எத்தனை மாதம் கழித்து வந்தது என்பதைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் 18 சட்டமன்ற உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். சோளிங்கர் உறுப்பினர் பார்த்திபனும் அவர்களில் ஒருவர். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்து 2019 மே 23 அன்று முடிவு வெளியானபோது 20 மாதங்கள் ஓடிவிட்டன. ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தொகுதிக்குப் பேரவையில் வாய் இல்லை.

சட்டமன்ற உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். கிராமத்தில் அவர்தான் தாலுகா ஆபீசுக்கும் மக்களுக்கும் நடுவில் நிற்கிற கடைசி ஆள். பஸ் நின்றுபோன தடத்துக்கு மனு, பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, கரும்புக்கு வரவேண்டிய பாக்கி, விசைத்தறிக்கு மின்சாரம் என்று எதற்கும் முதலில் ஏறும் படி அவர் வீட்டுப் படி. அவரைத் திட்டவாவது ஒரு ஆள் வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் எந்த வேலையைச் செய்யலாம் என்று பரிந்துரைக்க வேண்டியவர் இருக்கையில் இல்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதியின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க ஆள் இல்லை.

இடைத்தேர்தல் என்றதும் ஆளுங்கட்சிக்கு இது எச்சரிக்கையா அங்கீகாரமா என்ற ஒரே தராசைத்தான் நாம் எடுக்கிறோம். அந்தத் தராசு அவ்வளவு நம்பகமானது இல்லை. கிராமப்புற இடைத்தேர்தல்களின் நீண்ட வரலாற்றை எடுத்துப் பார்த்தால் முடிவைவிடப் பெரிய விஷயங்கள் இரண்டு தெரிகின்றன. வாக்காளரிடம் கேட்கப்பட்டது யாருடைய கேள்வி? அதைக் கேட்கும் தேதி யார் கையில் இருந்தது? இரண்டில் தேதிதான் முக்கியம் என்பது என் கருத்து.

முதலில் ஆரூடக் கணக்கைப் பார்த்துவிடலாம். இடைத்தேர்தல் வருங்காலத்தைச் சொல்லும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆதாரம் உண்டு, அது திண்டுக்கல். திமுக மக்களவை உறுப்பினர் ராஜாங்கம் காலமானதால் 1973 மே 20 அன்று அங்கே இடைத்தேர்தல் நடந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வேட்பாளர் மாயத்தேவருக்குச் சுயேச்சைகளுக்கான பட்டியலிலிருந்து கிடைத்த சின்னம் இரட்டை இலை. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, மே 11 அன்று, 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. முடிவு வந்தபோது மாயத்தேவர் 1 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் முதலிடம். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் வேட்பாளர் சித்தன் இரண்டாமிடம். மாநிலத்தை ஆண்ட திமுக மூன்றாமிடம். மத்தியில் ஆண்ட இந்திரா காங்கிரசுக்கு டெபாசிட்டே போனது. நான்கு ஆண்டு கழித்து எம்.ஜி.ஆர். முதல்வரானார். நிலக்கடலையும் பருத்தியும் விளையும் ஒரு வறண்ட சீமை தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த பதினைந்து ஆண்டுகளை முன்கூட்டியே எழுதிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அந்த ஒரு திண்டுக்கல்லை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளாக ஆரூடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியையே எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் சுதர்சனம் கொள்ளையர்களால் கொல்லப்பட்ட பிறகு 2005 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அவர் மகன் அதிமுக சார்பில் வென்றார். அதே நாளில் காஞ்சிபுரமும் அதிமுகவுக்கே போனது. சரியாக ஓராண்டில், 2006 மே மாதம், அதிமுக ஆட்சியை இழந்தது. 2010 மார்ச்சில் பென்னாகரத்தில் திமுக ஜெயித்தது, பாமக இரண்டாமிடம் வந்தது, அதிமுக டெபாசிட்டை இழந்தது. அடுத்த ஆண்டே அதிமுக கோட்டைக்குத் திரும்பியது. 2019 அக்டோபரில் விக்கிரவாண்டியை அதிமுக பிடித்தது. 2021இல் ஆட்சி திமுகவுக்கு. எல்லையைத் தாண்டினாலும் இதே கதைதான். 2021 ஏப்ரலில் திருப்பதி மக்களவை இடைத்தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. 2024இல் அந்தக் கட்சி ஆந்திரத்தில் ஆட்சியிலிருந்து இறங்கியது.

கிராமத்து வாக்காளர் ஏன் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்கிறார்? அவரை அறியாதவர் என்றும் விலைபோனவர் என்றும் சொல்வது பட்டணத்துப் பழக்கம். அவர் பக்கம் ஒரு தெளிவான நியாயம் இருக்கிறது. இந்த ஒரு தொகுதியால் ஆட்சி மாறப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ. அந்தக் காலத்தில் ரோடும் தண்ணீரும் வேண்டுமென்றால் ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால்தான் காரியம் நடக்கும். பள்ளிப்பட்டிலோ பொதட்டூர்பேட்டையிலோ தறி ஓட்டுகிற ஒருவர் இப்படி யோசிப்பதில் என்ன தவறு காண முடியும்? பொதுத்தேர்தலில் அவர் நாட்டின் வாக்காளர். இடைத்தேர்தலில் அவர் தன் ஊரின் வாக்காளர். சோளிங்கரின் இரண்டு இயந்திரங்களும் இதையே சொல்லியிருக்கலாம்.

இந்த நியாயத்தின் மேல்தான் பணம் வந்து உட்கார்ந்தது. மதுரை மாவட்டத் திருமங்கலத்தில் 2009 ஜனவரி 9 அன்று நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே அரசியல் அகராதியில் ஏறிவிட்டது. மதிமுக உறுப்பினர் வீர. இளவரசன் மறைவால் வந்த தேர்தல் அது. திமுகவின் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குச் சீட்டோடு பணத்தைக் கவரில் போட்டு, காலை நாளிதழுக்குள் செருகி வீடு வீடாகச் சேர்த்தார்கள் என்று, 2011இல் கசிந்து வெளியான அமெரிக்கத் தூதரக ஆவணம் ஒன்று விவரித்தது. தேர்தல் ஆணையம் அதன்பிறகு பறக்கும் படை, சோதனைச் சாவடி, வீடியோப் பதிவு என்று எல்லாவற்றையும் கூட்டியது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ரத்து செய்தது. எல்லாமே பண விநியோகக் காரணத்தால். வேலூரில் ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடந்த தேர்தலில் வித்தியாசம் 8,141 வாக்குகள்தான்.

ஒரு கிராமத்தில் இடைத்தேர்தல் எப்படி வந்து இறங்குகிறது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். அறிவிப்பு வந்த வாரத்தில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் பிடிக்கப்பட்டுவிடும். ஒன்றியத்துக்கு ஒரு அமைச்சர், ஊராட்சிக்கு ஒரு மாவட்டச் செயலாளர், பூத்துக்கு ஒரு பொறுப்பாளர். வெளிமாவட்ட நம்பர் பிளேட் கார்கள் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு எத்தனை ஓட்டு, வெளியூரில் யார், பெங்களூரில் வேலைக்குப் போன மகன் வருவானா என்று பெயர் பெயராக டிக் அடிப்பார்கள். வாழ்நாளில் ஒருமுறையும் அமைச்சரைப் பார்க்காத கிழவி தன் திண்ணையில் அவரோடு பேசுவாள். அவள் கேட்பது முதியோர் பென்ஷன். அதை எழுதிக்கொள்ள ஒரு ஆள் இருப்பார். வாக்கு எண்ணிய மறுநாள் அந்தக் கார்கள் போய்விடும், எழுதிக்கொண்ட நோட்டும் போய்விடும். ஒரு மாதம் மட்டும் அரசாங்கம் முழுவதும் ஒரு ஊரின் வாசலில் வந்து நிற்கிறது. அந்த ஊரின் கேள்வி என்ன என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. எழுதிக்கொள்வது கோரிக்கையை, தீர்ப்பாக எடுத்துக்கொள்வது வேறொன்றை.

கேள்வி தெளிவாக இருந்த தேர்தல்களும் உண்டு. அவற்றில் இரண்டு, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனின் கிராமத் தொகுதிகளில் நடந்தவை. 1938 செப்டம்பர் கடைசியில் பிரதமர் சேம்பர்லின் மியூனிக் போய் ஹிட்லரோடு உடன்பாடு செய்துகொண்டு திரும்பினார். அது சமாதானமா சரணாகதியா என்று நாடே பிளந்து நின்றது. சாமர்செட் பகுதியின் பிரிட்ஜ்வாட்டர் தொகுதி உறுப்பினர் நீதிபதியாகப் போனதால் இடம் காலி. லிபரல், தொழிற்கட்சி இரண்டும் வேட்பாளர் நிறுத்தாமல் ஒதுங்க, வெர்னன் பார்ட்லெட் என்ற பத்திரிகையாளர் சுயேச்சையாக நின்றார். வானொலியில் வெளிநாட்டு விவகாரம் பேசி வீட்டுக்கு வீடு தெரிந்த குரல் அவருடையது. நவம்பர் 17 அன்று 19,540 வாக்கு பெற்று, 17,208 வாக்கு பெற்ற அரசுத் தரப்பு வேட்பாளரைத் தோற்கடித்தார். பால்மாடும் தோட்டமுமாக இருந்த தொகுதி பிரதமரின் வெளியுறவுக் கொள்கைக்கு மறுப்புச் சொன்னது.

ஐந்து வாரம் கழித்து ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. கின்ராஸ்–மேற்குப் பெர்த்ஷயர் தொகுதியின் உறுப்பினர் அத்தோல் சீமாட்டி காதரின், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், 1923 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர், ஸ்காட்லாந்தின் முதல் பெண் உறுப்பினர். ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்கும் கொள்கையை எதிர்த்ததால் தொகுதிக் கட்சிச் சங்கம் அவரைக் கைவிட்டு வேறு வேட்பாளரைத் தேடியது. அவர் பதவியைத் துறந்து, அதே தொகுதியில் சுயேச்சையாக நின்று, மக்களே சொல்லட்டும் என்றார். எதிரே நிறுத்தப்பட்டவர் ஸ்னாடன், ஊர்க்காரர், பண்ணையாளர். டிசம்பர் 21 அன்று கடும் பனி. ஸ்னாடனுக்கு 11,808, சீமாட்டிக்கு 10,495. 1,313 வாக்கில் தோற்றார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1939 மார்ச் 15 அன்று ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்தது. செப்டம்பரில் போர். சீமாட்டி சொன்னது சரி, தொகுதி சொன்னது தவறு என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. நான் அந்தத் தொகுதியைக் குறை சொல்லத் தயங்குவேன். இருபது ஆண்டு முன்பு முடிந்த போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. சமாதானம் என்ற சொல்லுக்கும், தங்கள் விவசாயம் தெரிந்த ஆளுக்கும் வாக்களித்தார்கள். முக்கியம் என்னவென்றால், கேள்வி நேராக முன்வைக்கப்பட்டது, ஒரு மாதத்துக்குள் கேட்கப்பட்டது, நேராக விடையும் வந்தது. அதே 1938இல் நம் சென்னை மாகாணத்தில் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத்தான் வாக்குரிமையே இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெர்த்ஷயரின் பண்ணைக் கூலிக்கு இருந்த உரிமை பள்ளிப்பட்டின் நெசவுக் கூலிக்கு இல்லை.

அத்தோல் சீமாட்டி செய்ததை அப்படியே செய்த ஒரு தமிழ்த் தலைவர் உண்டு. அவருக்கு நேர்ந்ததுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் காங்கேசன்துறை. சிவந்த மண், கிணற்றுப் பாசனம், வெங்காயம், மிளகாய், புகையிலை. கடலோரத்தில் அன்று ஒரு சிமெந்துத் தொழிற்சாலை. 1952 முதல் 1956 வரையான இடைவெளி நீங்கலாக 1947 முதல் அத்தொகுதியின் உறுப்பினர் தந்தை செல்வா என்று மக்கள் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1972 மே மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு புதிய குடியரசு அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. தமிழர் கோரிக்கை எதுவும் அதில் இடம்பெறவில்லை. இந்த அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா இல்லையா என்று என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி, அந்த ஆண்டு அக்டோபரில் செல்வநாயகம் பதவியைத் துறந்தார்.

அரசு அந்தச் சவாலுக்கு வாக்குப்பெட்டியால் பதில் சொல்லவில்லை, நாட்காட்டியால் சொன்னது. 1972 போனது, 1973 போனது, 1974ம் போனது. கின்ராஸில் ஒரு மாதத்துக்குள் நடந்த காரியம் காங்கேசன்துறையில் 28 மாதம் எடுத்தது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணம் மாறிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலால் இளைஞர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 1974 ஜனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில் உயிர்கள் போயின. கடைசியாக 1975 பெப்ரவரி 6 அன்று வாக்குப்பதிவு. அரசுத் தரப்பில் நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். அவருக்கு ஒரு பலமும் இருந்தது. வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியிருந்ததால் வடக்கின் விவசாயி அந்த ஆண்டுகளில் நல்ல விலை பார்த்திருந்தார். ஊர்க் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அரசுக்கு வாக்களிக்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் செல்வநாயகத்துக்கு 25,927, பொன்னம்பலத்துக்கு 9,457. உடல் தளர்ந்து, குரல் தேய்ந்து, காது மந்தமாகியிருந்த முதியவர் 16,470 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்த முடிவைத் தனிநாட்டுக்கான ஆணையாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1972இல் கேட்கப்பட்ட கேள்வி அரசியலமைப்பைப் பற்றியது. 1975இல் வந்த விடை அதைத் தாண்டிப் போய்விட்டது. 1972 முடிவதற்குள் தேர்தல் நடந்திருந்தால் இலங்கையின் வரலாறே மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தொகுதியின் குரலை 28 மாதம் அடைத்துவைத்தால் அது திறக்கும்போது அதே சொல்லைச் சொல்லாது. தாமதித்தவர்கள் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவர, இலங்கையில் இடைத்தேர்தல் என்ற ஏற்பாடே காலப்போக்கில் மறைந்துவிட்டது. இன்று ஒருவர் விலகினால் பட்டியலில் அடுத்தவர் வருகிறார். செல்வநாயகம் எறிந்த சவாலை இனி யாராலும் எறிய முடியாது. செலவு மிச்சம்தான்; எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

பதவியைத் துறந்து மக்களைக் கேட்பது எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. நமக்கு அடுத்த வீடான அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தனித் தெலங்கானாவுக்காக டி.ஆர்.எஸ். உறுப்பினர்கள் கூட்டமாக விலகி 2008 மே மாதம் இடைத்தேர்தலைச் சந்தித்தார்கள். வைத்திருந்த 16 சட்டமன்ற இடங்களில் திரும்பக் கிடைத்தது ஏழுதான். 2010 ஜூலையில் 12 இடங்களில் மறுபடி அதே சோதனை. இந்த முறை 11இல் டி.ஆர்.எஸ்., ஒன்றில் பாஜக. எல்லாமே தனி மாநிலம் கேட்ட தரப்பு. இரண்டுக்கும் நடுவே 2009 டிசம்பரில் தனி மாநிலம் அமைக்கும் பணி தொடங்கும் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டுப் பின்வாங்கியிருந்தது. தலைவரின் கேள்வி ஊரின் கேள்வியாகிவிட்ட பிறகு கேட்டதால் அந்த விடை.

தலைவருக்கு நாற்காலி தேடித் தருவதற்காக நடக்கும் இடைத்தேர்தல் தனி வகை. 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அவருக்கு முன்பு ராஜாஜி மேலவை வழியாக வந்திருந்தார். காமராஜர் அந்தக் குறுக்கு வழியைத் தொடாமல் வட ஆற்காட்டுக் குடியாத்தத்தில் வாக்குக் கேட்டுப் போனார். லுங்கி நெசவாளர்களும் தீப்பெட்டித் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். குலக்கல்வித் திட்டத்தை அவர் கைவிட்டிருந்த நேரம். பெரியார் ஆதரித்தார், அண்ணாவின் திமுகவும் ஆதரித்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் கோதண்டராமன். காமராஜர் பெருவாரியாக வென்றார். பள்ளிக்கூடமும் மதிய உணவும் பின்னால் வந்த வழியில் குடியாத்தத்து வாக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். 1967இல் விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்ற அதே காமராஜரை, நேசமணி மறைந்ததால் 1969 ஜனவரியில் நடந்த நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தல் லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் திருப்பி அனுப்பியது. நடுவில் 1963 இடைத்தேர்தலில் திருவண்ணாமலை திமுகவின் ப.உ. சண்முகத்திடம் போனது. காமராஜர் முதல்வர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குக் கிளம்பியதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

பள்ளிப்பட்டுக்கு என்று ஒரு சொந்தக் கேள்வி இருந்த காலமும் உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே போனது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் கூடவே போயின. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர்களில் எந்தப் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது சோற்றுப் பிரச்சினைக்கு அடுத்த பிரச்சினையாக இருந்தது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்ற ஊர்த் தலைவர்களும் போராடினார்கள், சிறை போனார்கள். பிறகு படாஸ்கர் நடுவராக வந்தார். எல்லை மாற்றச் சட்டம் 1959இல் நிறைவேறி 1960 ஏப்ரல் 1 முதல் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. இந்த ஊரின் எந்த ஒரு தேர்தலையும்விடப் பெரிய தீர்ப்பு அது. மறியலாலும் சமரசப் பேச்சாலும் வந்தது. 2008 மறுவரையறையில் பள்ளிப்பட்டு என்ற பெயரிலிருந்த சட்டமன்றத் தொகுதி மறைந்து திருத்தணிக்குள் கரைந்தது. எல்லையோர ஊருக்கு உறுப்பினர் என்ற ஒருவர் எவ்வளவு தேவை என்பது, தன் பெயரில் தொகுதி இருந்து இழந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே தேதிக்கு வருவோம். 1996 வரை நம் நாட்டில் இடைத்தேர்தலுக்குச் சட்டப்படி காலக்கெடு கிடையாது. அந்த ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். விதிவிலக்கு இரண்டு. மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து சான்று அளித்தாலும் தள்ளிப்போடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டாவது கதவு அகலமானது.

2020 பிப்ரவரி கடைசியில் குடியாத்தம் உறுப்பினர் காத்தவராயன் காலமானார். ஒன்பது மாதம் முன்புதான் இடைத்தேர்தலில் வென்றிருந்தார். பேரவைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆயுள் இருந்தது. அவருக்கு முந்தைய நாள் திருவொற்றியூர் உறுப்பினர் கே.பி.பி. சாமி மறைந்தார். கொரோனா வந்தது, தள்ளிப்போட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே 2020 நவம்பர் 3 அன்று மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது; அங்கே ஒரு அரசின் பெரும்பான்மை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பீகாரில் முழுப் பேரவைத் தேர்தலே நடந்தது. தமிழ்நாடு, கேரளம், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் ஏழு தொகுதிகளுக்கு மட்டும், மாநில அரசுகள் சொன்ன சிரமங்களைக் காட்டி இப்போது வேண்டாம் என்று ஆணையம் முடிவெடுத்தது. குடியாத்தம் அந்த ஏழில் ஒன்று. சோளிங்கரைப் போலவே அதுவும் தகுதிநீக்கத்தால் காலியான 2017 செப்டம்பரிலிருந்து 2021 மே வரை எடுத்துக்கொண்டால் அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் இருந்த காலத்தைவிட இல்லாத காலமே அதிகம். 2023 மார்ச்சில் காலியான புணே மக்களவைத் தொகுதியிலும் தேர்தல் நடக்கவில்லை. பொதுத்தேர்தல் வேலை இருக்கிறது என்ற ஆணையத்தின் காரணத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்காமல் நடத்தச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது, பொதுத்தேர்தலே வந்துவிட்டது.

கொரோனா ஒரு காரணம், வழக்கு ஒரு காரணம், பொதுத்தேர்தல் நெருக்கம் ஒரு காரணம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சதி இல்லை. சேர்த்துப் பார்த்தால், ஆட்சியின் ஆயுள் சம்பந்தப்பட்டால் தேதி கிடைக்கிறது, தொகுதியின் தேவை மட்டும் சம்பந்தப்பட்டால் காரணம் கிடைக்கிறது என்ற வருத்தம் எழாமல் இருக்காது.

மாற்ற வேண்டியவை எட்டாத தூரத்தில் இல்லை. தகுதிநீக்க மனுக்களைப் பேரவைத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிப்பதே முறை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் சொன்னது, அதைச் சட்டமாக்கலாம். தகுதிநீக்கத்தை எதிர்க்கும் வழக்குகளைத் தேர்தல் வழக்குகளைப்போல் கெடுவுக்குள் முடிக்க உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு வைக்கலாம். 151ஏ பிரிவின்கீழ் ஆணையம் கடினம் என்று சான்று தரும்போது, எந்தத் தொகுதிக்கு, என்ன காரணத்துக்காக, எத்தனை நாள் என்று அந்தத் தொகுதி மக்கள் படிக்கிற மொழியில் வெளியிட வேண்டும். அந்த நாள் முடிந்ததும் சான்று தானாகக் காலாவதியாக வேண்டும். உறுப்பினர் இல்லாத காலத்தில் தொகுதி மேம்பாட்டு வேலைகளை ஊராட்சி ஒன்றியக் குழுக்களின் தீர்மானத்தின்படி மாவட்ட ஆட்சியர் நிறைவேற்றட்டும். திண்ணையில் அமைச்சரிடம் சொன்ன பென்ஷன் மனு அடுத்த இடைத்தேர்தல்வரை காத்திருக்கக் கூடாது. சோளிங்கரில் அது 20 மாதம் காத்திருந்தது.